ஆறாவது வார அழைப்பு

வார்டில் எல்லோரும் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிட்டார்கள். பதினெட்டு வருஷமாக நர்ஸ் வேலை. ஓர் இடத்தில் கால் பாவியதாக யாரும் சொன்னதில்லை. கனத்த உடம்புக்காரர் ஒருவரைக் கட்டிலில் தூக்கி உட்கார வைத்த அன்று முதுகுத்தண்டில் தட்டு விலகியது. அதோடு வார்டு வேலை போயிற்று. குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்து, இரண்டாவது மாடிக் கோடியில் இருந்த தொலைபேசி அறைக்கு அவளை மாற்றிவிட்டார்கள்.

மூன்று மேஜை, மூன்று தொலைபேசி, ஒரே ஒரு ஜன்னல். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து, மறுவாழ்வுப் பிரிவில் மூன்று வாரம் தங்கி, கையைத் தூக்கவும் மடக்கவும் மறுபடி பழகிக்கொண்டு வீடு திரும்பிய பெண்களை அங்கிருந்து கூப்பிட்டுப் பேச வேண்டும். இரண்டாவது வாரம் ஒரு முறை, பிறகு ஆறாவது, பன்னிரண்டாவது, இருபத்துநாலாவது வாரங்களில் ஒவ்வொரு முறை. கையில் ஒரு தாள், அதில் பதினோரு கேள்வி. வலி பத்துக்கு எத்தனை, கை கனக்கிறதா, தூக்கம் வருகிறதா, மனசு எப்படி இருக்கிறது. பதிலுக்கு நேரே ஒரு டிக். ஓர் அழைப்புக்குப் பன்னிரண்டு நிமிஷம்.

"உட்கார்ந்து பேசுற வேலை. கொடுத்து வச்சவ நீ" என்றார்கள் வார்டுத் தோழிகள்.

அவளுக்கோ முள்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. வார்டில் ஒருத்தி "நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்று சொன்னால், பம்பரம் சும்மா விடமாட்டாள். பேச்சோடு பேச்சாகக் கையைத் தொட்டுப் பார்ப்பாள், உதட்டு நிறத்தைப் பார்ப்பாள், தட்டில் எத்தனை கவளம் மிச்சம் என்று பார்ப்பாள். இங்கே காதில் விழுகிற நாலு வார்த்தையை நம்பி டிக் போட வேண்டும். அதனால் அவள் உட்காரவே மாட்டாள். ஹெட்போன் ஒயர் எட்டுகிற நாலடிக்குள் போவதும் வருவதுமாகவே பேசுவாள். "கொஞ்சம் உட்காருங்களேன், எனக்குத் தலை சுத்துது" என்பாள் பக்கத்து மேஜைக்காரி.

டிரைவரம்மாவை அவள் நேரில் பார்த்ததில்லை. கோப்பில் இருந்ததுதான் தெரியும். வயது நாற்பத்தாறு. பஸ் ஓட்டுநர். இடது மார்பு எடுத்தாயிற்று. இடது அக்குளில் நெறிக்கட்டிகளும் எடுத்தாயிற்று. அவற்றை எடுத்த பக்கத்துக் கைக்கு ஆயுசுக்கும் காவல் வேண்டும். நீர் கோத்துக்கொண்டு வீங்கும், சின்னக் கீறல் பட்டாலும் கிருமி ஏறும்.

இரண்டாவது வாரம் கூப்பிட்டபோது ஏழே நிமிஷத்தில் பதினோரு கேள்வியும் முடிந்துவிட்டது. தேர்வு எழுதி முடித்தவள்போல, டிரைவரம்மா கடைசியில் ஒரு கேள்வியைத் தன் பங்குக்குக் கேட்டாள்.

"நான் எப்ப சிஸ்டர் ஸ்டியரிங் புடிக்கலாம்?"

"மூணாவது மாசம் டாக்டர் பார்த்து, தகுதிச் சான்று எழுதித் தருவாங்க. அதுக்கப்புறந்தான்."

"அதுவரைக்கும் வீட்டுல உட்கார்ந்து என்ன பண்றது, சுவத்துல பல்லி எண்ணுறதா?"

பம்பரம் சிரித்துவிட்டாள். உட்கார முடியாத இன்னொருத்தி என்று அவளுக்குள் ஏதோ பிடித்துப்போயிற்று.

ஆறாவது வாரம் வந்தது. காலையில் கைபேசிக்குக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மூன்றாம் முறையும் எடுக்காவிட்டால், கோப்பில் இருக்கும் இரண்டாவது எண்ணுக்குக் கூப்பிடலாம் என்பது விதி. அது வீட்டு எண். கணவர் எடுத்தார். பள்ளிக்கூடத்தில் எழுத்தர் வேலை. அன்று லீவில் இருந்தார் போலும்.

"அவ வீட்டுல இல்லீங்களே. டூட்டிக்குப் போயிருக்கா."

"டூட்டிக்கா?"

"ஆமாங்க. போக ஆரம்பிச்சு ரெண்டு வாரம் ஆச்சே. காலைல ஆறு மணிக்கெல்லாம் யூனிபார்ம் மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுறா. நாங்க எவ்வளவோ சொன்னோம், கேட்டாத்தானே. ஏங்க, உங்களுக்குத் தெரியாதா?"

பம்பரத்தின் நடை நின்றது. சான்று எழுதவில்லை. எழுதியிருந்தால் கோப்பில் அதன் நகல் இருக்கும். சான்றில்லாமல் எந்த டிப்போவும் ஒரு பஸ்ஸை அவள் கையில் கொடுக்காது. அப்படியானால் ரெண்டு வாரமாக யூனிபார்ம் போட்டுக்கொண்டு எங்கே போகிறாள்? நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். அதை இவரிடம் சொல்வது அவள் வேலை இல்லை.

"சரிங்க. நான் கைபேசியிலயே பேசிக்கிறேன்" என்று வைத்தாள்.

அதன் பிறகு மூன்று பேரிடம் பேசினாள். மூன்று பேரிடமும் என்ன கேட்டாள், என்ன டிக் போட்டாள் என்று அவளுக்கே நினைவில்லை. ஒரு தாளில் தூக்கத்துக்கு வலிக்கான எண்ணை எழுதி, அடித்துத் திருத்தினாள். சாப்பாட்டு இடைவேளையில் டப்பாவைத் திறந்து மூடினாள். ஜன்னல் வழியே தெரிந்த சாலையில் போகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் ஓட்டுநர் இருக்கையைக் கண் தேடியது. மத்தியானம் இரண்டு மணிக்குமேல் நாலாவது முறையாக டிரைவரம்மாவைக் கூப்பிட்டாள். இந்தத் தடவை மணி நின்றது.

"ஹலோ, யாரு?"

"அக்கா, ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசுறேன். தொலைபேசி நர்ஸ்."

"ரூட்ல இருக்கேன் சிஸ்டர். வண்டி ஓட்டும்போது போன் பேசக் கூடாது."

"வாஸ்தவந்தான். ஆனா எடுத்துட்டீங்களே."

பம்பரம் கண்ணை மூடிக் காதைக் கொடுத்தாள். எஞ்சின் சத்தம் இல்லை. ஹாரன் இல்லை. ஆள் பேச்சு இல்லை. தூரத்தில் யாரோ இரும்பைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான்.

"அந்த பஸ்ல பயணிங்க யாருமே ஏறலையா அக்கா?"

மறுமுனையில் ஓர் ஓசை. இருமலா, சிரிப்பா என்று பிடிபடவில்லை.

"வீட்டுல பேசினீங்களா?" என்றாள் டிரைவரம்மா.

"பேசினேன். எதுவும் சொல்லல. அது உங்க விஷயம், நீங்கதான் சொல்லணும்."

அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தவள்போல டிரைவரம்மா கொட்டித் தீர்த்தாள். அவள் இருந்தது டிப்போவின் பின்கட்டில், ஏலத்துக்குப் போகக் காத்திருக்கும் ஒரு பழைய பஸ்ஸில். தினமும் காலையில் வந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்காருகிறாள். சாயங்காலம் இறங்கி வீட்டுக்குப் போகிறாள்.

"வீட்டுல எல்லாரும் நல்லவங்க சிஸ்டர். அதுதான் பிரச்சனையே. ஒரு செம்பைத் தூக்கினா அத்தை ஓடி வந்து வாங்கிடுறாங்க. இவரு என்னைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணாடிப் பாத்திரத்தைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறாரு. வந்தவங்க எல்லாம் எனக்கு எப்படி இருக்குன்னு அவருகிட்ட கேக்குறாங்க, நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கேன். எனக்கு மூச்சு முட்டிச்சு. டூட்டிக்குப் போறேன்னு ஒரு நாள் வாயில வந்துருச்சு. மானேஜரைக் கேட்டேன், சான்று கொண்டாங்கன்னுட்டாரு. சரி, பின்னாடி இருக்கிற வண்டியில ஸ்டியரிங் புடிச்சுப் பார்ப்போம்னு ஏறினேன். பழைய வண்டி, கல்லு மாதிரி இருக்கும். அரை வட்டம் வந்துச்சு. அதுக்கு மேல கை வரலை. மறுநாள் வரும்னு பார்த்தேன். அதுக்கும் மறுநாள் வரும்னு பார்த்தேன்."

"கை கனக்குதா?"

"இல்ல."

கேள்வி முடியுமுன் வந்த பதில். பம்பரம் மறுபடி நடக்கத் தொடங்கினாள்.

"போனை எந்தக் கையில வச்சிருக்கீங்க?"

"வலது கையில."

"இடது கைக்கு மாத்திக் காதுல வைங்க பார்ப்போம்."

சிறிது நேரம் துணி உரசும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "வைக்க முடியலை" என்றாள் டிரைவரம்மா.

"எத்தனை நாளா?"

"கனம் ஒரு வாரமா. இது நேத்துலேர்ந்து."

"அளவு நாடா இருக்கா?"

"பஸ்ல ஏது நாடா? கண்டக்டர் சீட்டுல டிக்கெட் மெஷின் பேப்பர் சுருள் ஒண்ணு கிடக்கு."

"அது போதும். சட்டைக் கையைச் சுருட்டுங்க. முழங்கைக்குக் கீழே நாலு விரல் இறக்கி, அந்தப் பேப்பரை வலது கையைச் சுத்தி வச்சு, முட்டுற இடத்துல கிழிங்க. அதே இடத்துல இடது கைக்கும் ஒண்ணு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துச் சொல்லுங்க."

போனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. ஒரு கையால் இன்னொரு கையைச் சுற்ற அவள் பட்ட பாட்டை, காகிதம் கிழிவதையும் மறுபடி கிழிவதையும் வைத்தே பம்பரம் தெரிந்துகொண்டாள். பக்கத்து மேஜைக்காரி தன் பேச்சை முடித்துவிட்டு இவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவோரம் பெரிய சிஸ்டர் வந்து நின்றாள். தொலைபேசி அறைக்கு அவள்தான் மேலாள். இருபத்தைந்து நிமிஷம் ஆகிவிட்டது என்று கடிகாரத்தைக் காட்டினாள். பம்பரம் உள்ளங்கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். பதினெட்டு வருஷத்தில் பெரிய சிஸ்டருக்கு யாரும் அப்படிக் கை காட்டியதில்லை.

"இடதுகைப் பேப்பர் வலதைவிட மூணு விரல் நீளமா இருக்கு" என்றாள் டிரைவரம்மா. குரல் மாறியிருந்தது.

"தோல் எப்படி இருக்கு? சிவப்பா? தொட்டா சுடுதா?"

"சிவப்பு. மணிக்கட்டுலேர்ந்து மேல வரைக்கும். சுடுது."

"எங்கயாவது கீறிச்சா?"

"சீட்டுக்குப் பக்கத்துல தகரம் பிஞ்சு நிக்குது. முந்தாநாள் விரல்ல லேசா. அது ஒண்ணுமில்ல." பிறகு, மிகத் தாழ்ந்து, "சிஸ்டர், அது திரும்பி வந்துருச்சா?"

"போன்ல அதை ஆமான்னோ இல்லைன்னோ சொன்னா நான் பொய் சொல்றவ. ஆனா ரெண்டு நாளுக்குள்ள இப்படிச் சிவந்து சுட்டா, பெரும்பாலும் அது கிருமி. அதுக்கு மருந்து இருக்கு. இன்னிக்கே ஏத்தணும். நாளைக்குன்னு வைக்கக் கூடாது. கிளம்பி வாங்க அக்கா."

"வந்தா என்னை விடமாட்டாங்க" என்றாள் டிரைவரம்மா. இணைப்பு அறுந்தது.

பம்பரம் திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி. மறுபடி. ஐந்தாவது முறை கைபேசி அணைந்துவிட்டதாகக் குரல் சொன்னது.

"வீட்டுக்காரருக்குப் போடு" என்றாள் பெரிய சிஸ்டர். இதற்குள் அவளும் விஷயத்தைப் புரிந்துகொண்டிருந்தாள். "அவசரம்னா சொல்லலாம், விதியிலேயே இருக்கு."

விதி இருந்தது. பம்பரத்தின் விரல் வீட்டு எண்மேல் நின்றது. அது உங்க விஷயம் என்று அவளிடம் சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இப்போது சொன்னால், இனி அந்தப் பெண் எந்த நர்ஸ் போனையும் எடுக்க மாட்டாள். சொல்லாமல் விட்டு அந்தக் கிருமி ரத்தத்தில் ஏறினால்? "அஞ்சு நிமிஷம் கொடுங்க" என்று சொல்லி, டிப்போ எண்ணைத் தேடிப் பிடித்தாள். பின்கட்டில் இரும்பு தட்டுகிறவர் யாராக இருந்தாலும் கூப்பிடுங்கள் என்றாள். கொஞ்ச நேரத்தில் ஒரு முரட்டுக் குரல் வந்தது. டிப்போவே மெக்கானிக் மாமா என்று கூப்பிடும் ஆள் அவர்.

"டிரைவரம்மாவா? தெரியுமே. நான்தான் கதவைத் திறந்து விடுறேன். இப்பக்கூடப் பார்த்தேன், இந்த வெயில்ல குளிருதுன்னு நடுங்கிட்டு உட்கார்ந்திருக்காங்க."

நடுக்கம் என்றதும் பம்பரத்துக்குப் புரிந்தது. காய்ச்சல் ஏறிவிட்டது.

"உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க."

"அவங்களை யாரும் கூட்டிட்டு வர முடியாது சிஸ்டர். அவங்களா வந்தாத்தான் உண்டு."

"அப்ப வண்டியைக் கிளப்புங்க. தானா வருவாங்க."

"அந்த வண்டி ஓடாது, அதுல எஞ்சினே இல்ல."

"ஓடுற வண்டி ஒண்ணை எடுங்க மாமா" என்றாள் பம்பரம். முன்பின் தெரியாத ஆளை மாமா என்று கூப்பிட்டதைக்கூடக் கவனிக்கவில்லை. "நான் சொன்னேன்னு ஒண்ணு சொல்லுங்க. வந்தா விடமாட்டாங்கன்னு பயப்படுறாங்க. வராட்டித்தான் கை போகும். கை போனா ஸ்டியரிங் இல்ல. இதை அப்படியே சொல்லுங்க, ஒரு வார்த்தை மாத்தாதீங்க."

பிறகு அந்த அறையில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெரிய சிஸ்டரைக் கேட்காமலே மாடிப்படி இறங்கி அவசரச் சிகிச்சை வாசலில் போய் நின்றாள். நின்றாள் என்பதுகூடத் தப்பு. வாசலுக்கும் தூணுக்கும் நடுவில் நடந்தாள். முதுகு விண்விண்ணென்று தெறித்தது. ஒவ்வொரு ஆட்டோவுக்கும் எட்டிப் பார்த்தாள். அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. வீட்டு எண்ணை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள், அது மனப்பாடமாகியிருந்தது. கைபேசியை எடுத்து அந்த எண்ணைத் தட்டிக்கொண்டிருக்கும்போதுதான், நின்றுபோன பஸ்களை இழுத்துவரும் பெரிய லாரி ஒன்று கொக்கியும் சங்கிலியும் குலுங்க வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. காவலாளி கத்திக்கொண்டே ஓடினார். அதிலிருந்து யூனிபார்ம் போட்ட குள்ளமான ஒரு பெண், இடது கையை வலது கையில் ஏந்திக்கொண்டு, யாருடைய தோளையும் பிடிக்காமல் இறங்கினாள்.

"அக்கா" என்றாள் பம்பரம்.

குரலைக் கேட்டுத் திரும்பிய டிரைவரம்மா, காய்ச்சல் கண்ணால் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கதானா? போன்ல இன்னும் உசரமா இருந்தீங்க" என்றாள். பிறகு குளிரில் அவள் பல் கிட்டியது.

ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். கிருமிதான். முதல் இரண்டு நாள் காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. மூன்றாம் நாள் சிவப்பு முழங்கைக்குக் கீழே இறங்கியது. எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டு, நோய் திரும்பவில்லை என்று டாக்டர் சொன்னார். வீக்கம் மட்டும் முழுசாகப் போகாது, இறுக்கமான கையுறை போட்டு, தினம் நீவிவிட்டு, அதோடு வாழப் பழக வேண்டும் என்றார்.

கணவர் இரண்டாம் நாள் தொலைபேசி அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர்கள் கோபப்படும்போது வார்த்தை தடுக்கும், அவருக்கும் தடுக்கியது.

"நீங்க அன்னிக்கு எங்கிட்டதான பேசினீங்க? உங்களுக்கு அப்பவே தெரியும்தான? ஏன் சொல்லல? நான் யாரு, வழிப்போக்கனா?"

"சொல்ல வேண்டியவங்க அவங்கதாங்க" என்றாள் பம்பரம். "நீங்க கேட்டிருந்தா நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன். ஆனா நானா சொல்ல முடியாது."

"ரெண்டு வாரமா டிபன் கட்டிக் கொடுத்தேன். ஓடாத பஸ்ல உட்கார்ந்து சாப்பிட்டிருக்கா." கோபம் அடங்கிய குரலில் அப்புறம் கேட்டார்: "நான் என்னங்க பண்ணணும்?"

பம்பரம் தாளைப் பார்த்தாள். பதினோரு கேள்வியில் ஒன்றுகூட இவருக்கானது இல்லை.

"வலது கை நல்லாத்தானே இருக்கு. அதுல அவங்க எடுக்கிறதைப் பிடுங்காதீங்க" என்றாள். "யாராவது உங்ககிட்ட விசாரிச்சா, அவங்களையே கேளுங்கன்னு சொல்லுங்க. மத்தது அவங்க சொல்லுவாங்க. நீங்க கேட்டா."

பன்னிரண்டாவது வார அழைப்பை டிரைவரம்மா முதல் மணியிலேயே எடுத்தாள். சான்று இன்னும் கிடைக்கவில்லை. டிப்போவில் நேரக் கணக்கர் அறையில், எந்த வண்டி எப்போது புறப்பட்டது என்று குறிக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். மத்தவங்க வண்டி எடுக்கிறதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பது நரகம் என்றாள். வீட்டில் ஒரு பெரிய சண்டை நடந்ததாம். அத்தை இரண்டு நாள் பேசவில்லையாம். மூன்றாம் நாள், வெங்காயக் கூடையைத் தூக்கி அவள் முன்னால் வைத்து, "நறுக்கு" என்றாராம்.

"மனசு எப்படி இருக்கு அக்கா?" என்று தாளில் இருந்ததைக் கேட்டாள் பம்பரம்.

"சில நாள் இருக்கு, சில நாள் இல்ல. கை கொஞ்சம் கனத்தாலே உசுரு தொண்டைக்கு வந்துருது. நல்லா இருக்கேன்னு போட்டுக்கோங்க."

"போட மாட்டேன்" என்றாள் பம்பரம். அவள் சொன்னதை அப்படியே ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

இருபத்துநாலாவது வாரத்துக்குள் சான்று கிடைத்துவிட்டது. ஸ்டியரிங் லேசாகத் திரும்பும் புது வண்டி ஒன்றில், அரை நாள், குறைந்த தூரம். சாயங்காலத்தில் கை வீங்கத்தான் செய்கிறது. ராத்திரி அதைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துக்கொண்டு படுக்கிறாள். வாரத்துக்கு ஒருமுறை இரண்டு கையையும் வீட்டுக்காரர் நாடாவால் அளந்து காலண்டரில் குறிக்கிறார். ஒரு கோடு கூடினால் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க முடியவில்லை என்றாள். நாலு நிமிஷம்கூடப் பேசவில்லை. "வண்டி எடுக்கணும் சிஸ்டர், மணி ஆச்சு. அடுத்து எப்ப கூப்பிடுவீங்க?"

"இதுதான் கடைசி அக்கா. நாலு தடவைதான்."

"அப்படியா. சரி, வைக்கிறேன்" என்றாள்.

அந்தக் 'சரி' பம்பரத்தைக் குடைந்தது. டிரைவரம்மாவின் கோப்பு முடிந்தவற்றின் அடுக்குக்குப் போயிற்று. வீக்கம் ஆறு மாதத்தில் முடிகிற சமாச்சாரம் இல்லை. ஏழாம் மாதம் தகரம் கீறினால் யாரிடம் சொல்லுவாள்? அந்த அடுக்கில் இன்னும் முப்பது நாற்பது கோப்புகள் இருந்தன. ஒன்றை எடுத்தாள், வைத்தாள். எழுந்து பெரிய சிஸ்டரின் அறைக்குப் போனாள்.

"கை வீங்கினவங்களுக்கு நாலு தடவை பத்தாது. வருஷக்கணக்கா கூப்பிடணும்."

"ஆள் எங்க இருக்கு?" என்றாள் பெரிய சிஸ்டர்.

"தெரியல. ஆனா நாலு பத்தாது."

பெரிய சிஸ்டர் இழுப்பறையிலிருந்து இரண்டு வெள்ளைத் தாளை எடுத்து மேஜையில் தள்ளினாள். "எழுதிக் கொடு. வாயில சொன்னா மேல இருக்கிறவங்க காதுல ஏறாது. யாருக்கு, எத்தனை தடவை, ஏன்னு எழுது. நடக்கும்னு நான் சொல்லல."

பம்பரம் தாள்களை வாங்கிக்கொண்டு தன் மேஜைக்கு வந்தாள். உட்கார்ந்தாள். முதல் வரியை எழுதினாள், அடித்தாள். மறுபடி எழுதினாள். பக்கத்து மேஜைக்காரி தலையைத் திருப்பிப் பார்த்தாள், இவள் நிமிரவில்லை. மணி நாலரை ஆகும்போது ஒன்றரைப் பக்கம் முடிந்திருந்தது.